நான் சுரண்டி எடுத்த கறுப்பு மெழுகு

மிக்ஸரில் எந்தப் பட்டன் எதற்கு என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். போன வாரம் உங்களில் ஒருத்தி கையில் செல்போனை வைத்துக்கொண்டே மேடை முழுவதையும் சரிசெய்ததைப் பார்த்தேன். பொறாமையாகக்கூட இருந்தது, மறைப்பானேன்? அதனால் பாடம் எடுக்கும் எண்ணமெல்லாம் எனக்கு இல்லை. புதிதாகச் சேர்ந்த உங்களிடம் நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். நான் செய்த தப்புகளிலேயே பெரிய தப்பைச் சொல்லிவிட்டுப் போகிறேன். அதைச் செய்தபோது நான் ஒன்றும் புதுசு இல்லை. இந்த அரங்கத்தில் ஒலிப் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற ஒரு வருடம்கூட இல்லாத ஆள். அதுதான் கேவலம்.

முதலில் ஒரு பழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னை இந்தத் தொழிலுக்குக் கொண்டுவந்தவர் கல்யாணத்துக்கும் தேர்தல் கூட்டத்துக்கும் மைக் செட் கட்டிக்கொண்டிருந்த ஒருவர். பெயர் சொல்லமாட்டேன், தன் பெயரை மேடையில் சொன்னாலே கோபம் வரும் அவருக்கு. "எச்ச பட்ட மைக்க தொடைக்காம அடுத்தவங்க வாய்கிட்ட நீட்டுன, கைய ஒடச்சிடுவேன்" என்பார். ஒரு சின்ன ஸ்பிரிட் பாட்டில், ஒரு மஞ்சள் துணி. முதல் நாளே இரண்டையும் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து எது கைக்கு வந்தாலும் துடைப்பேன். மைக், ஸ்டாண்டு, வயர், சில சமயம் பாடகரின் வெற்றிலைப் பெட்டிகூட. "சுத்தமான ஆளுப்பா" என்று ஊரில் பெயர் வாங்கினேன். அந்தப் பெயர் தலைக்கேறிவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். லாவோஸ் நாட்டிலிருந்து ஐந்து பேர் கொண்ட ஒரு நாட்டுப்புற இசைக்குழு நம் ஊருக்கு வந்திருந்தது. கடற்கரைக்குப் பக்கத்தில் பழைய பிரெஞ்சுக்காரர் காலத்துக் கட்டடம் ஒன்றின் முற்றத்தில் மேடை. மாலை ஆறு மணிக்கு நிகழ்ச்சி. சித்திரை மாத வெயில். ஒலி ஏற்பாடு நான்.

குழுத் தலைவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். மூன்று தந்தி போட்ட 'பின்' என்ற வாத்தியம் அவருடையது. நம் கிராமத்துத் தம்பூரைக் கொஞ்சம் சுருக்கியது மாதிரி இருக்கும். அதில் கிட்டாருக்குச் செய்வதுபோல மின்சார இணைப்பு கொடுத்து வைத்திருந்தார். இன்னொருவர் டிரம்ஸ். பாடுவதற்கு ஒரு அம்மா. கீபோர்டு வாசிக்க மாலி என்ற இளம் பெண். அவளுக்குத்தான் இங்கிலீஷ் நன்றாக வரும். ஐந்தாவது ஆள் பூன்மா. எழுபது தாண்டியவர், ஒல்லி, சிரித்தால் கண் மூடிக்கொள்ளும். அவர் கையில் இருந்ததுதான் 'கேன்'. தண்ணி கேன் இல்லை, சிரிக்காதீர்கள். பதினாறு மூங்கில் குழாய்களை இரண்டு வரிசையாக நிறுத்தி, நடுவில் ஒரு சின்ன மரக் கூட்டுக்குள் செருகியிருப்பார்கள். அந்தக் கூட்டை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு வாயில் வைத்து ஊத வேண்டும். குழாய்க்குள் மெல்லிய உலோக நாக்கு இருக்கிறது. ஊதினாலும் இழுத்தாலும் சத்தம் வரும். ஒரு ஆளே ஆர்மோனியம், ஒரு ஆளே சுருதிப் பெட்டி. பாடுகிற அம்மா அதைப் பிடித்துக்கொண்டுதான் குரலை எடுப்பார்.

காலையில் டீ குடிக்கும்போது தலைவரும் பூன்மாவும் தங்கள் மொழியில் ஏதோ வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். என்னவென்று மாலியிடம் கேட்டேன். நேற்று சென்னையில் நிகழ்ச்சிக்கு நடுவே கேனில் ஒரு குழாய் தளர்ந்து காற்று ஒழுகியதாம். "கேன் சத்தம் கீபோர்டிலேயே இருக்கிறது, எதற்கு இந்தத் தொல்லை என்று தலைவர் சொல்கிறார். இன்னொரு தடவை இப்படி ஆனால் தாத்தாவை ஊருக்கு அனுப்பிவிடுவார். இன்னும் ஆறு ஊர் பாக்கி இருக்கிறது" என்றாள். நான் "பாவம்" என்று சொல்லிவிட்டு என் வயரைச் சுருட்டப் போய்விட்டேன். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு வரப்போகிறது என்று அப்போது தெரியாது.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். பூன்மா மேடையில் பாய் விரித்து அதன்மேல் கேனை வைத்துவிட்டு, என்னைப் பார்த்து 'பார்த்துக்கொள்' என்பதுபோல் தலையசைத்துவிட்டுப் போனார். வாசிக்கும்போது அவர் நடப்பார், ஆடுவார் என்று சொல்லியிருந்தார்கள். ஸ்டாண்டில் மைக் வைத்தால் சரிவராது, மரக் கூட்டிலேயே ஒரு கிளிப் மைக் மாட்டிவிடலாம் என்று நினைத்தேன். மாட்டிப் பார்த்தேன், வழுக்கியது. இன்னொரு தடவை மாட்டினேன், மறுபடி வழுக்கியது. என்னடா என்று கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால், குழாய்கள் மரத்துக்குள் நுழைகிற இடமெல்லாம் கறுப்பாக, பிசுபிசுவென்று ஏதோ அப்பிக் கிடக்கிறது. அதில் நூல் ஒட்டியிருக்கிறது, தூசி ஒட்டியிருக்கிறது, யாருடையதோ ஒரு முடி. எனக்கு அருவருப்பாகிவிட்டது. இவ்வளவு நல்ல வாத்தியத்தை இப்படியா வைத்திருப்பார் மனுஷன்!

அப்புறம் என்ன? டேப் வெட்டுகிற கத்தியை எடுத்தேன். ஒரு பக்கம் முழுவதையும் சுரண்டினேன். ஸ்பிரிட்டை மஞ்சள் துணியில் நனைத்துத் துடைத்தேன். மரம் பளபளவென்று வந்துவிட்டது. கிளிப்பும் கச்சிதமாக உட்கார்ந்தது. அவர் வந்து பார்த்தால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

வந்தார். எடுத்தார். வாயில் வைத்து ஊதினார். ஈர விறகை ஊதுவது மாதிரி 'உஸ்ஸ்' என்று காற்று மட்டும் வந்தது.

மறுபடி ஊதினார். அதே காற்று. கேனைத் திருப்பிப் பார்த்தார். எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. நான் அழுக்கு என்று சுரண்டியது அழுக்கு இல்லை, காற்று வெளியே போகாமல் அடைத்து வைத்திருந்த மெழுகு. அதற்குள் தலைவர் ஓடிவந்து என்ன ஆச்சு என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். வெளியே வந்தது என்ன தெரியுமா?

"ஹீட் சார். பாண்டிச்சேரி ஹீட். உருகிப் போயிருக்கும்."

முப்பத்தெட்டு வருடம் வேலை செய்தவன் சொன்ன வார்த்தை இது. யாரும் என்னைச் சந்தேகப்படாமலேயே, யோசிக்காமலேயே வந்துவிட்டது. உங்களுக்கும் ஒரு நாள் வரும், எச்சரிக்கையாக இருங்கள். பயந்தவன் வாயில் பொய்தான் முதலில் வந்து நிற்கும்.

பூன்மா விரலை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். ஸ்பிரிட் வாடை. பிறகு என் தோளில் கிடந்த மஞ்சள் துணியைப் பார்த்தார். அதில் கறுப்புக் கறுப்பாகத் தீற்றல். எல்லாம் தெரிந்துவிட்டது அவருக்கு. ஆனால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றுவரை எனக்கு ஆச்சரியம் அதுதான். என்னை ஒரு விரலால் காட்டியிருந்தால் போதும்.

தலைவர் படபடவென்று அவரிடம் ஏதோ சொன்னார். மாலி என் பக்கத்தில் நின்று மெதுவாக மொழிபெயர்த்தாள். "கிளம்பும்போதே சொன்னேன், இது வெளியூர் வெயிலைத் தாங்காது என்று. இன்றைக்குக் கீபோர்டு. நாளைக்கு நீங்கள் ஊருக்குப் போங்கள்."

என் பொய் எங்கே போய் உட்கார்ந்தது, பார்த்தீர்களா? தலைவருக்கு வேண்டியிருந்த காரணத்தை நானே எடுத்து அவர் கையில் கொடுத்திருக்கிறேன்.

தலைவர் என்னிடம் திரும்பி, கீபோர்டுக்கு முழுச் சத்தம் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். ஆமாம், அதையும் செய்தேன். கை தானாக வேலை செய்தது. மாலி உட்கார்ந்து கேன் சத்தத்தைத் தேர்ந்தெடுத்து வாசிக்க ஆரம்பித்தாள். சொன்னால் நம்பமாட்டீர்கள், நன்றாகவே இருந்தது. கண்ணை மூடிக்கொண்டால் வித்தியாசம் தெரியாது. அப்பாடா, தப்பித்தோம் என்று ஒரு கணம் நிம்மதிகூட வந்தது எனக்கு.

நாலு வரி வாசித்தாள், கையை எடுத்துவிட்டாள். தலைவரிடம் ஏதோ சொன்னாள். அவர் அதட்டினார். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். என்ன சொன்னாய் என்று மேடை ஓரம் போய்க் கேட்டேன்.

"இந்தக் கீபோர்டில் இருக்கிற கேன் சத்தம் தாத்தா ஊதியதுதான். இரண்டு நாள் ஒரு அறையில் உட்காரவைத்து, ஒவ்வொரு சுரமாக ஊதச் சொல்லிப் பதிவு செய்தோம். அவர் மேடையிலேயே நிற்கும்போது அவர் மூச்சை எடுத்து நான் வாசிக்கமாட்டேன் என்று சொன்னேன்" என்றாள்.

இருபத்திரண்டு வயது இருக்குமா அவளுக்கு? அந்தக் குழுவில் அவளுடைய சோறும் தலைவர் கையில்தான். கேன் போனால் கீபோர்டுக்குத்தான் பெருமை. அவள் எதிர்த்து நிற்கிறாள். ஓய்வூதியத்துக்கு விண்ணப்பம் போட்ட கிழவன் நான் வெயில்மேல் பழி போட்டுவிட்டு மிக்ஸருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. மேடைக்கு ஏறினேன். மஞ்சள் துணியைத் தலைவர் முன்னால் விரித்துக் காட்டினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்.

"நோ ஹீட் சார். நான்தான். அழுக்கென்று நினைத்துச் சுரண்டிவிட்டேன். பொய் சொன்னேன். அவர் வாத்தியத்தில் ஒரு குறையும் இல்லை."

தலைவர் துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். காதில் புகை வராத குறை. அவர் திட்டியதை மாலி மொழிபெயர்க்கவில்லை. நானும் கேட்கவில்லை. திட்டி முடித்ததும் பூன்மாவிடம் கேட்டார், சரிசெய்ய முடியுமா என்று. மெழுகு இருந்தால் முடியும், கொண்டுவந்த உருண்டை நேற்று சென்னையிலேயே தீர்ந்துவிட்டது என்று அவர் சொன்னதை மாலி எனக்குச் சொன்னாள். தலைவர் கடிகாரத்தைக் காட்டினார். மணி இரண்டு. "நாலரைக்குள் ஊதிக் காட்டட்டும். இல்லையென்றால் இன்றைக்குக் கேன் இல்லாமலே நிகழ்ச்சி. நான் சொன்னது சொன்னதுதான்."

மெழுகுவத்தி கொண்டுவரட்டுமா என்றேன். பூன்மா வேண்டாம் என்று தலையை ஆட்டினார், உடைந்துவிடுமாம். கடையில் விற்கிற தேன்மெழுகு? அதுவும் இல்லை. நான் சின்ன வயதில் பிரெஞ்சுப் பள்ளியில் நாலாவது வரை படித்தவன். ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர் ஆண்ட தன் ஊரில் அவரும் சின்ன வயதில் கொஞ்சம் பிரெஞ்சு படித்திருக்கிறார். இரண்டு ஓட்டைப் பிரெஞ்சும் சேர்ந்து எப்படியோ ஒரு பேச்சு நடந்தது. தேனீ என்றார். சின்னது என்று விரல் நுனியில் எள்ளளவு காட்டினார். கறுப்பு என்று தன் தலைமுடியைத் தொட்டு, முடி நரைத்திருப்பது நினைவு வந்து, என் செருப்பைத் தொட்டார். பிறகு தன் கையைத் தானே கிள்ளி 'ஆ' என்று கத்திக் காட்டி, இல்லை இல்லை என்று தலையசைத்தார். கொட்டாதாம்.

கொசுத்தேனீ! எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கொட்டாத, கறுப்பான, கொசு அளவு தேனீ. அது இங்கே சாரம் பகுதியில் என் அக்கா வீட்டு வாசலிலேயே இருக்கிறது. மின்சார மீட்டரை மாற்றியபோது பழைய மரப்பெட்டியைச் சுவரிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். அதற்குள் கூடு கட்டிப் பல வருடம் ஆகிறது. பேரப்பிள்ளைகளுக்கு இருமல் வந்தால் அதிலிருந்து ஒரு சொட்டுத் தேன் எடுப்பாள் அக்கா. மற்றபடி யாரையும் தொடவிடமாட்டாள். வெள்ளையடிக்க வந்தவனையே விரட்டியவள்.

பூன்மாவை ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்தேன். நெஞ்சோடு கேனை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தார். சிக்னலில் நின்றவர்களெல்லாம் எங்களையே பார்த்தார்கள். போய் இறங்கியதும் அக்கா வாசலுக்கு வந்தாள்.

"என்னாடா இந்த நேரத்துல? யாரு இவரு? சாப்ட்டியா?"

"அக்கா, ஒரு உதவி. பொட்டில இருக்கிற மெழுகு கொஞ்சம் வேணும்."

"எந்தப் பொட்டி?" என்றாள். புரிந்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "போடா வேலயப் பாத்துக்கினு. என் பூச்சி உன்ன என்னா பண்ணுச்சு?"

நடந்ததைச் சொன்னேன். மறைக்காமல் சொன்னேன், அதற்குள் கொஞ்சம் பழகியிருந்தது. அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "அறிவு கெட்டவனே, அடுத்தவங்க பொருள கேக்காம தொடுவியா? சின்ன வயசுல அப்பா ரேடியோவ கழட்டுன கை தானே அது!"

பூன்மாவுக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. அவர் எங்களைப் பார்க்கவே இல்லை. பெட்டியின் ஓரத்தில் கறுப்பு மெழுகில் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு வாசல் நீட்டிக்கொண்டிருக்கும், தேனீக்கள் அதன் வழியாகப் போய்வரும். அதன் முன்னால் நின்று, முகம் முழுக்கச் சிரிப்போடு இரண்டு கையையும் கூப்பினார். எங்களை அல்ல, பூச்சிகளைக் கும்பிட்டார். அக்கா ஒரு நிமிடம் பார்த்தாள்.

"அவரு எடுக்கட்டும்" என்றாள். "நீ கைய வச்ச, கொன்னுடுவேன்."

அவர் எடுத்த விதத்தைச் சொல்ல வேண்டும். கதவை மெதுவாகத் திறந்தார். தேன் இருக்கும் பக்கம் போகவே இல்லை. ஓரத்தில் சுவரோடு ஒட்டிக் காய்ந்திருந்த மெழுகை மட்டும் விரலால் கிள்ளிக் கிள்ளி எடுத்தார். எலுமிச்சம்பழத்தில் பாதி அளவு சேர்ந்ததும் நிறுத்திவிட்டார். "இன்னும் கொஞ்சம் எடுக்கச் சொல்லு, பத்துமா?" என்று அக்காவே கேட்டாள். அவர் போதும் என்று கைகாட்டிக் கதவை மூடினார்.

அக்கா வீட்டு வாசல்படியிலேயே உட்கார்ந்து வேலையை முடித்தார். உள்ளங்கையில் வைத்துப் பிசைந்தார். இறுகினால் அடுப்பு அனலில் காட்டிக்கொண்டுவந்து கொடுத்தாள் அக்கா. குழாய் குழாயாக அழுத்தி அடைத்தார். அடைப்பார், ஊதுவார், காது வைப்பார், மறுபடி அடைப்பார். நான் சும்மா நின்றேன். தண்ணீர் வேண்டுமா என்று இரண்டு தடவை கேட்டதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. தப்புச் செய்தவன் ஓடி ஓடி உதவி செய்யத் துடிப்பான் பாருங்கள், அதை அடக்கிக்கொண்டதுதான் அன்றைக்கு நான் செய்த ஒரே நல்ல வேலை. ஒரு குழாய் மட்டும் கடைசிவரை சரியாகவில்லை. அதை மட்டும் முழுசாக அடைத்துவிட்டு, பதினைந்தில் சமாளிக்கிறேன் என்று விரலால் காட்டினார்.

நாலு இருபதுக்குத் தலைவர் முன்னால் நின்று ஊதினார். தலைவர் கேட்டார். தன் 'பின்'னை எடுத்துச் சுருதி சேர்த்துக்கொண்டார். மாலி என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். நான் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு பூன்மாவிடம் போய், எங்கே வைக்கட்டும் என்று கேட்டேன். காலையிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அவர் கேனிலிருந்து ஒரு முழம் தள்ளிக் காற்றில் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினார். ஸ்டாண்டை அங்கே வைத்தேன். அன்று அவர் நடக்கவும் இல்லை, ஆடவும் இல்லை. அந்த மைக் முன்னாலேயே நின்று வாசித்தார். எனக்காகத்தான் அப்படி நின்றார் என்று தோன்றியது.

ஆறு மணிக்கு அக்கா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பட்டுப் புடவை வேறு. பூன்மா தனியாக ஆரம்பித்தார். பிறகு பாடகி சேர்ந்தார், 'பின்' சேர்ந்தது, டிரம்ஸ் சேர்ந்தது. மாலியும் வாசித்தாள், ஆனால் கேன் சத்தத்தை அல்ல. அவருக்கு அடியில் தாழ்வாக, கைபிடித்துக் கூட்டிப்போவது மாதிரி வேறொரு நாதம். பழைய வாத்தியம், புது வாத்தியம் என்று சண்டை போடுகிறவர்களுக்கெல்லாம் அன்றைக்கு அந்த முற்றத்தில் ஒரு நாற்காலி போட்டிருக்க வேண்டும். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மிக்ஸரில் ஃபேடர் பட்டன் தெரியவில்லை. முடிந்ததும் அக்கா வந்து, "நம்ம பொட்டில காது வெச்சா கேக்கும் பாரு, அதே சத்தம்டா" என்றாள். தலைவர் அவளிடம் வந்து, மற்ற ஊர்களுக்கும் சேர்த்து இன்னும் கொஞ்சம் மெழுகு கிடைக்குமா என்று மாலி மூலமாகக் கேட்டார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. மற்ற ஊர்களுக்கும் என்றால் பூன்மா போகிறார் என்று அர்த்தம். அக்கா, "கிழவரு வந்து கேக்கட்டும், தரேன்" என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலை அவர்கள் வேன் கிளம்பும்போது மன்னிப்புக் கேட்கப் போனேன். பிரெஞ்சில் எப்படிச் சொல்வது என்று இரவெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். நான் ஆரம்பிப்பதற்குள் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு 'மெர்சி' என்றார். எனக்கு நன்றி சொல்கிறார்! எதற்கு என்றேன். வாத்தியத்தில் குறை இல்லை என்று எல்லோர் முன்னாலும் நீ சொன்னாயே, அதற்கு என்றார். நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன். நான் பொய் சொன்னபோது அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. உண்மை சொன்னபோது நன்றி சொன்னார். அந்த மனுஷனுக்கும், அந்தப் பெண் மாலிக்கும், என்னைத் திட்டிக்கொண்டே மெழுகு கொடுத்த அக்காவுக்கும் நான் பட்ட கடன் தீராது. உங்கள் முன்னால் தலை நிமிர்ந்து நிற்கிறேன் என்றால் அவர்கள் மூன்று பேர்தான் காரணம்.

அப்புறம் அவர் என் பையைக் காட்டி எதையோ கேட்டார். ஸ்பிரிட் பாட்டில். கொடுத்தேன். சட்டைப் பையிலிருந்து மெழுகு உருண்டையை எடுத்து, ஒரு துண்டு கிள்ளிப் பிசைந்து, பாட்டில் மூடியைச் சுற்றி நன்றாக அழுத்தி அடைத்தார். காற்றுகூடப் போகாது. என் கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார், வேனில் ஏறிவிட்டார்.

அந்தப் பாட்டில்தான் இது. ஓய்வு பெறும்வரை வேறு பாட்டில் வைத்துத்தான் மைக்கைத் துடைத்தேன். துடைப்பதற்கு முன்னால் இதை ஒரு தடவை பார்த்துக்கொள்வேன். இன்றைக்கு இதை உங்கள் அறை அலமாரியில் வைத்துவிட்டுப் போகிறேன். மூடியைச் சுற்றிக் கறுப்பாக, தூசி ஒட்டி, பார்க்க நன்றாக இருக்காது. தயவுசெய்து யாரும் துடைத்துவிடாதீர்கள்.